எரிந்த காடு திரும்பி வருமா? ஓரத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்

கேள்வி இதுதான்: கோடையில் காடு எரிந்த செய்தி வரும்போதெல்லாம் ஒருவர் "ஒரு மழை விழுந்தால் பச்சையாகிவிடும்" என்கிறார், இன்னொருவர் "அந்தக் காடு இனி அவ்வளவுதான்" என்கிறார். எது சரி? காட்டின் ஓரம் கெட்டால் உள்ளேயும் கெடும் என்கிறார்களே, அதற்கும் தீக்கும் என்ன சம்பந்தம்? எரிந்த இடத்தில் விதைப்பந்து வீசினால் பலன் உண்டா?

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். எந்தக் காடு, அங்கே இது எத்தனையாவது தீ, ஓரம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்ற மூன்றும் தெரியாமல் பதில் சொன்னால் அது ஜோசியம். ஒரே வரியில் கேட்டால், முதல் தீயைவிட அதற்குப் பின்னால் வரும் தீக்குத்தான் பயப்பட வேண்டும் என்பேன். அது பெரும்பாலும் ஓரத்தின் வழியாகத்தான் உள்ளே வரும். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

முதலில் ஈரமான மழைக்காடு. இதற்கு அமேசானுக்குத்தான் போக வேண்டும், ஏனென்றால் தீயையும் ஓரத்தையும் சேர்த்துப் பல பத்தாண்டுகளாக அளந்து பார்த்திருப்பது அங்கேதான். கிழக்கு அமேசானில் பாராகோமினாஸ் வட்டாரத்தில் கிறிஸ்டோபர் ஊலும் பூன் காஃப்மனும் ஒரு எளிய விஷயத்தைச் சோதித்தார்கள். மழை நின்றபின் எந்த நிலம் எத்தனை நாளில் தீப்பிடிக்கும் அளவுக்குக் காய்கிறது? 1990ல் வெளியான அவர்கள் முடிவு: மேய்ச்சல் புல்வெளி ஒரே நாளில் காய்ந்துவிட்டது. மரம் வெட்டி எடுத்த காட்டுக்கு ஐந்தாறு நாள் ஆனது. கைபடாத காடோ ஒரு மாதம் மழையே இல்லாமல் இருந்தும் பற்றவில்லை. மூன்றுக்கும் ஒரே வெயில், ஒரே வானம். வித்தியாசம் மேலே இருக்கும் கூரைதான். இலைக்கூரை மூடியிருந்தால் கீழே சருகு ஈரத்தோடு கிடக்கும், காற்றும் நுழையாது. அந்தக் கூரையில் ஓட்டை விழுந்தால் கணக்கு மாறிவிடுகிறது.

ஓரம் என்பது பக்கவாட்டில் விழுந்த ஓட்டை. காட்டை வெட்டிப் பக்கத்தில் புல்வெளி போட்டதும், அதுவரை நடுக்காட்டில் நிழலில் நின்ற மரம் திடீரென்று வாசலில் நிற்கிறது. வெயில் பக்கவாட்டில் அடிக்கிறது, காற்று நேராக மோதுகிறது. பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு வடக்கே தாமஸ் லவ்ஜாய் 1979ல் ஒரு நெடுங்கால ஆய்வைத் தொடங்கினார். மேய்ச்சலுக்காகக் காட்டை வெட்டும்போது 1, 10, 100 ஹெக்டேர் துண்டுகளை விட்டுவைக்கச் சொல்லி, அவை என்ன ஆகின்றன என்று வருடக்கணக்காக அளந்தார்கள். அந்தத் துண்டுகளின் ஓரத்தில், முதல் 100 மீட்டருக்குள் இருந்த ஆய்வுத் திட்டுகள் 10 முதல் 17 ஆண்டுகளுக்குள் தம் உயிர்ப்பொருளில் (அதாவது மரஞ்செடிகளின் மொத்த எடையில்) 36 சதவீதம் வரை இழந்திருந்தன. 60 சென்டிமீட்டருக்கு மேல் தடித்த பெரிய மரங்கள், ஓரத்திலிருந்து 300 மீட்டருக்குள், உள்காட்டைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேகமாகச் செத்தன. இவ்வளவுக்கும் தீ வைக்காமலே!

பெரிய மரம்தான் முதலில் போவது ஏன் என்று கேட்கலாம். அதன் தலைதான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. காற்றை முதலில் வாங்குவதும் அதுவே. சின்ன மரம் வளையும், பெரியது முறியும். வெளிச்சம் கிடைத்த குஷியில் கொடிகள் வேறு ஏறி அமுக்கும். இதில் இழப்பு மரத்தோடு முடிவதில்லை. அது தாய்மரம்; அந்தப் பக்கத்துக்கே விதை கொடுத்துக்கொண்டிருந்தது. சரி, விதை விழுந்தாலாவது முளைக்குமா? அதே ஆய்வுக்களத்தில் எமிலியோ புரூனா ஹெலிகோனியா விதைகளைத் துண்டுக்காட்டிலும் தொடர்காட்டிலும் ஊன்றிப் பார்த்தார். (நம்மூர்த் தோட்டங்களில் வாழைபோல் இலையும் செந்நிறப் பூக்கொத்துமாக நிற்குமே, அந்தக் குடும்பத்துச் செடி.) துண்டுகளில் முளைத்ததைவிடத் தொடர்காட்டில் 3 முதல் 7 மடங்கு அதிகம் முளைத்தது. ஓரத்து மண்ணும் சருகும் அவ்வளவு காய்ந்துபோயிருக்கின்றன.

இப்போது இந்த ஓரத்தில் தீயைக் கொண்டு வையுங்கள்.

மழைக்காட்டுக்குள் முதல்முறை வரும் தீயைப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். டிவியில் காட்டுவது போல மர உயரத்துக்கு எரிவதில்லை. கணுக்கால் உயரம், மிஞ்சினால் முழங்கால். சருகின் மேல் ஒரு கோடு போல மெல்ல நகரும். மெலிந்த இடமாகப் பார்த்து ஒரு எட்டில் தாண்டிவிடலாம். இரவில் ஈரம் ஏறினால் படுத்துவிடும். மறுநாள் வெயில் ஏறியதும், விழுந்து கிடக்கும் ஏதோ ஒரு கட்டைக்குள் கனன்றது மறுபடி கிளம்பும். 'இவ்வளவுதானா' என்று தோன்றும். ஆனால் அந்த மெதுவான நடைதான் ஆபத்து. தீ ஒவ்வொரு மரத்தின் அடியிலும் நிதானமாக நின்று சுட்டுவிட்டுப் போகிறது. ஈரத்திலேயே வாழ்ந்த மரங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தடித்த பட்டை தேவைப்பட்டதே இல்லை. வெளியே கரி மட்டும் தெரியும், உள்ளே உயிர்த்திசு வெந்திருக்கும். அமேசானின் அரப்பியூன்ஸ் ஆற்றுப் பக்கம் 1997-98 எல் நினோ வறட்சியில் எரிந்த காட்டை ஜோஸ் பார்லோவும் கார்லோஸ் பெரெஸும் தொடர்ந்து பார்த்தபோது, பெரிய மரங்கள் மூன்றாம் ஆண்டிலும் செத்துக்கொண்டிருந்தன. அதனால் தீ அணைந்த மறுமாதம் எடுத்த போட்டோவைக் காட்டி "பாதிப்பு இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதைச் சொல்ல மூன்று வருஷம் பொறுக்க வேண்டும்.

முதல் தீயில் செத்த மரங்கள் காய்ந்து விழுகின்றன, விறகு சேர்கிறது. கூரையில் ஓட்டை, அதனால் தரை காய்கிறது. பிரேசிலின் பாரா மாநிலத்தில் தைலாந்தியா என்ற ஊரைச் சுற்றி மார்க் காக்ரேன் குழு அளந்தது இதைத்தான்: இரண்டாம் தீ வேகமானது, சூடானது. மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடித்த பட்டையால் முதல் தீயில் தப்பிய பெரிய மரங்களுக்கு இரண்டாம் தீயில் அந்தச் சலுகை கிடையாது. சின்னது பெரியது பார்க்காமல் எரிக்கிறது. அது ஒவ்வொரு முறையும் அடுத்த தீக்கு இடம் செய்துவிட்டுப் போகிறது. காக்ரேனும் வில்லியம் லாரன்ஸும் 2002ல் காட்டியபடி, ஓரத்திலிருந்து 2,400 மீட்டர் வரையிலாவது காடு வழக்கத்தைவிட அடிக்கடி எரிகிறது. காற்றும் வெயிலும் 100 மீட்டர், 300 மீட்டர் போகும். தீயோ இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. சின்னத் துண்டாக இருந்தால் அதற்கு 'உள்காடு' என்ற ஒன்றே இல்லை, முழுக்க ஓரம்தான்.

இதில் எனக்கு ரொம்ப யோசனை கொடுத்தது பிரேசிலின் மாட்டோ குரோசோ மாநிலத்துத் தங்குரோ பண்ணையில் நடந்த சோதனை. 50 ஹெக்டேர் வீதம் மூன்று திட்டுகள். ஒன்றைத் தொடவில்லை. ஒன்றுக்கு வருடாவருடம் தீ வைத்தார்கள், இன்னொன்றுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. 2004ல் தொடங்கி 2010 வரை. வருடாவருடம் எரித்ததுதான் அதிகம் கெடும் என்றுதானே நினைப்போம்? அதிகம் அடிவாங்கியது மூன்று வருடத்துக்கு ஒருமுறை எரித்தது. இடைவெளியில் சருகும் சுள்ளியும் சேர்ந்திருந்தன. 2007ல் கடும் வறட்சி வந்த நேரத்தில் வைத்த தீ அந்தச் சேமிப்பை மொத்தமாக எடுத்துக்கொண்டது. சாதாரண வருடங்களில் காடு ஓரளவு தாங்கியது, வறட்சி வருடத்தில் உடைந்தது. அதுவும் எங்கே? வயலை ஒட்டிய ஓரத்தில். அங்கே கூரை கலைந்ததும் புல் உள்ளே வந்தது.

புல் வந்துவிட்டால் கதையே வேறு. சருகுத் தீ நடக்கும், புல் தீ ஓடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில் மலையேறச் சென்றவர்கள் சிக்கிக்கொண்டது புல் எரியும் வேகத்தில்தான். புல் எரிந்தாலும் அடுத்த மழைக்குத் தூரிலிருந்து வந்துவிடும். மரக்கன்றுக்கு அந்த வசதி இல்லை. இரண்டு மூன்று சுற்றில் கன்றுகள் ஒழிந்து புல் நிலைத்துவிடுகிறது.

இனி நீங்கள் கேட்ட மறுவளர்ச்சி. எரிந்த இடம் பச்சையாவது வேறு, காடாவது வேறு. இதற்கு நான் சொல்லும் சாட்சி மறுபடி மனாவுஸ்தான். அங்கே காட்டை வெட்டிப் பிறகு கைவிட்ட நிலங்கள் இரண்டு விதம். சிலவற்றை வெட்டி, எரிக்காமல் விட்டுவிட்டார்கள். சிலவற்றை மேய்ச்சலாக்கி அடிக்கடி எரித்துவிட்டுப் பிறகு விட்டார்கள். ரீட்டா மெஸ்கீட்டாவும் புரூஸ் வில்லியம்சனும் மற்றவர்களும் அங்கே பார்த்தது: எரிக்காத நிலத்தில் செக்ரோப்பியா மரங்கள் வந்தன. நம் மேற்கு மலையில் ரோடு போட்ட சரிவில் முதலில் முளைக்கும் வட்டக்கண்ணி மாதிரி, அகன்ற இலையும் வேகமான வளர்ச்சியுமாக. அவற்றின் நிழலில் காட்டு மரங்கள் பலவகை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. எரித்த நிலத்தில் விஸ்மியா என்ற மரம் வந்தது. வெட்டினாலும் எரித்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும் சாதி. அதன் கீழே என்ன வந்தது என்றால், பெரும்பாலும் மறுபடி விஸ்மியாவே. பல வருடம் கழித்தும் வகை கூடவில்லை. மேலேயிருந்து சாட்டிலைட்டில் பார்த்தால் இரண்டும் பச்சை. ஒரே மண், ஒரே மழை, பக்கத்திலேயே விதை தரும் காடு. அப்படியிருந்தும் பழைய தீ அந்த நிலத்தின் போக்கையே மாற்றிவிட்டது. "மழை பெய்தால் பச்சையாகிவிடும்" என்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, எந்தப் பச்சை என்பதுதான்.

அப்புறம் நம் பக்கம். முதுமலையை அமேசானோடு ஒப்பிடக் கூடாது. கிழக்கே மசினகுடி முள்காடு, நடுவே தேக்கும் வெக்காலியும் நிற்கும் இலையுதிர்காடு, மேற்கே ஈரக்காடு என்று ஒரே காப்பகத்துக்குள் மூன்று உலகம். இலையுதிர்காட்டு மரங்களுக்குத் தீ பழக்கம். மார்ச்சில் எரிந்த இடத்தில் முழங்கால் உயரத் தேக்குக் குருத்து ஒன்று நின்றால் அதைப் புதுக்கன்று என்று நினைத்துவிடாதீர்கள். அடியை லேசாகத் தோண்டிப் பார்த்தால் மணிக்கட்டு தடிமனில் வேர்க்கட்டை இருக்கும். வயது பல வருடம். ஒவ்வொரு தீயிலும் தலை போய், வேரிலிருந்து திரும்பத் திரும்பத் துளிர்த்தது. அதற்கு வேண்டியது தீயே இல்லாத காடு அல்ல. தீ எட்டாத உயரத்துக்கு ஒரு ஓட்டம் ஓடிவிட நாலைந்து வருட இடைவெளி.

அந்த இடைவெளிதான் சுருங்கிவிட்டது. நரேந்திரன் கோதண்டபாணி, மார்க் காக்ரேன் (மேலே சொன்ன அதே காக்ரேன்), ஆர். சுகுமார் மூவரும் 2004ல் முதுமலைத் தீ வரைபடங்களை நூறாண்டுக்கு முந்தைய வனத்துறைப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் ஓர் இடம் சராசரியாகச் சுமார் 10 ஆண்டுக்கு ஒருமுறை எரிந்தது. இப்போது சுமார் 3 ஆண்டுக்கு ஒருமுறை. மேற்பரப்பில் மாற்றம் தெரியாது. பெரிய மரங்கள் நிற்கும், யானை நிற்கும், டூரிஸ்ட் படம் எடுப்பார். கீழே இளசுகள் மட்டும் மேலே வர முடியாமல் அடைபட்டிருக்கும். வீட்டில் தாத்தா பாட்டி மட்டும் இருக்கிற மாதிரி.

இதோடு உண்ணிச்செடி (லான்டானா என்ற வெளிநாட்டுப் புதர்). ஓரத்திலும் ரோட்டோரத்திலும் தொடங்கி உள்ளே போனது. கோடையில் காய்ந்த புதர் தீயைத் தரையிலிருந்து மேலே தூக்கிக் கொடுக்கும். எரிந்தபின் அடியிலிருந்து துளிர்க்கும். பழத்தைப் பறவைகள் பரப்பும். தீ உண்ணியை வளர்க்கிறது, உண்ணி தீயை வளர்க்கிறது என்று நாமெல்லாம் சொல்லி வந்தோம். சத்தியமங்கலத்துக்கு வடக்கே பிலிகிரிரங்கன மலையில் வாழும் சோளகர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். அவர்கள் முன்பு கோடையின் தொடக்கத்திலேயே, சருகு முழுதாகக் காய்வதற்கு முன், சிறு தீ வைப்பார்கள். 'தரகு பெங்கி', அதாவது சருகு நெருப்பு, என்று பெயர். அது உண்ணியின் இளங்கன்றுகளைக் கொன்றது, நெல்லி மரங்களைப் பிடிக்கும் புல்லுருவியையும் கட்டுக்குள் வைத்தது என்பது அவர்கள் கணக்கு. 1974ல் சரணாலயமான பிறகு தீ வைப்பது தடைபட்டது. உண்ணி காட்டை மூடிக்கொண்டது. பரத் சுந்தரம், அங்கிலா ஹிரேமத் போன்றவர்கள் அங்கே எடுத்த அளவீடுகளும், 1997க்கும் 2008க்கும் இடையில் உண்ணி இருக்கும் திட்டுகள் ஏறக்குறைய இருமடங்கானதைக் காட்டின. எனக்குச் சோளகர்கள் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது, இலையுதிர்காட்டுக்கு மட்டும். ஆனால் உண்ணி ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட இன்றைய காட்டில் அதே தீயை வைத்தால் அது சருகு நெருப்பாக இருக்காது. இதைப் படித்துவிட்டு யாரும் தீப்பெட்டியோடு கிளம்ப வேண்டாம். காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றமும்கூட.

சோலையைப் பற்றி இரண்டே வார்த்தை. நீலகிரி, பழனி உச்சிகளில் சோலைக்காடும் புல்வெளியும் கத்தியால் கீறியது போலப் பிரிந்து நிற்கும். அந்த ஓரம் இயற்கையானது. தீயும் உறைபனியும் சேர்ந்து காப்பது. அங்கே புல்வெளியைப் 'பாழ் நிலம்' என்று நினைத்து மரம் நடுவது உதவி ஆகாது.

தீயே இல்லாமல் ஓரம் என்ன செய்யும் என்று பார்க்க வால்பாறை போதும். தேயிலைக்கு நடுவே சிதறிய மழைக்காட்டுத் துண்டுகளில் ஒன்றுக்குள் நடந்து பாருங்கள். தேயிலை வரிசை முடிந்ததும் முதலில் உண்ணிச்செடி, கண்ணைக் கூசும் வெளிச்சம். பத்திருபது எட்டு வைத்தால் இடுப்பளவுக்கு ஒரே மாதிரிக் கன்றுகள். காட்டுக் கன்று என்று சந்தோஷப்பட்டுக் கிட்டப் போனால் ரோபஸ்டா காபி. பழைய எஸ்டேட்டிலிருந்து விலங்குகளும் பறவைகளும் கொண்டுவந்து போட்டவை. ஓரத்துக்குப் பக்கத்தில் அதிகம், உள்ளே போகப் போகக் குறைவு. திவ்யா முத்தப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் மூலம் 20 ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் துண்டுகளைச் சீர்செய்து வருகிறார்கள். ரோட்டில் விழுந்து வீணாகும் காட்டு விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, களையை எடுத்து (அதற்குள் தானாக முளைத்திருக்கும் காட்டுக் கன்றைத் தொடாமல்), மழைக்காலத்தில் நடுகிறார்கள். அப்படிச் செய்த இடங்களை, சும்மா விட்ட இடங்களோடு 2019ல் ஒப்பிட்டபோது, நட்ட இடங்களில் மரமும் வகையும் கரிமச் சேமிப்பும் கூடுதலாக இருந்தன. பெரிய காட்டிலிருந்து தள்ளி ஒதுங்கிக் கிடக்கும் துண்டுகளில் நடுவதன் பலன் அதிகம். காரணம் எளிது: பெரிய காடு பக்கத்தில் இருந்தால் இருவாச்சியும் மரநாயும் வௌவாலும் கூலி கேட்காமல் விதை கொண்டுவரும். தங்குரோவில்கூட எரிந்த காட்டில் தபீர் என்ற பெரிய விலங்கு, எரியாத காட்டைவிட மூன்று மடங்குக்கு மேல் விதை போட்டது. தள்ளியிருக்கும் துண்டுக்கு அந்த வேலையாட்கள் வருவதில்லை.

இப்போது விதைப்பந்து. பலன் குறைவு என்பதே என் பதில். வீசும் விதை பெரும்பாலும் வேம்பும் புங்கனும். அவை சமவெளிக்குச் சரி, ஈரமலைக்கு ஒத்துவராது. மிச்சமானதில் பெரும்பகுதி எலிக்கும் எறும்புக்கும். முளைத்தது பிப்ரவரிக்குள் விரலளவு வேர்கூடப் பிடித்திருக்காது. அடுத்த தீ அதைத்தான் முதலில் எடுக்கும். நான் சொல்வது சலிப்பான வேலை. ஜூன், ஜூலையில் மழை பிடித்தபின் வனத்துறை அனுமதியோடு எரிந்த இடத்தில் நடந்து பாருங்கள். கருகிய அடிமரங்களில் துளிர் வந்திருக்கிறதா, பத்தடிக்கு ஒரு கன்றாவது காட்டு மரமாக இருக்கிறதா என்று எண்ணுங்கள். இருந்தால் எதையும் நட வேண்டாம். இல்லாமல் உண்ணியும் புல்லும் மட்டும் இருந்தால், அங்கே களை எடுத்துவிட்டுப் பக்கத்துக் காட்டின் விதையிலிருந்தே வளர்த்த நாற்றை நட வேண்டும். எப்படியானாலும் ஓரத்தை அடுத்த நாலைந்து கோடைக்கு எரியவிடக் கூடாது. ஜனவரியில் தீத்தடுப்புக் கோடு வெட்டவும், ரோட்டோரப் புல்லை அறுக்கவும், மார்ச் முழுக்கக் காவலுக்கு நிற்கவும் பல வனச்சரகங்களில் ஆள் பற்றாக்குறை. விதைப்பந்து உருட்டக் கூடும் கூட்டத்தில் பத்துப் பேர் அதற்குப் போக முடியுமா என்று உங்கள் ரேஞ்சரிடம் கேட்டுப் பாருங்கள்.